அண்ணிக்கு ஐம்பத்திரண்டு சதவீதம்

என் அண்ணிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெருமையில் பங்கு கேட்டு ஆளாளுக்கு வந்தார்கள். ஆனால் அவளுடைய மதிப்பெண் தரையில் கிடந்த ஒரு மாதம் முழுக்க "உங்க ஆளு, உங்க ஆளு" என்று என்னைக் காட்டித்தான் எல்லோரும் பேசினார்கள். அப்போது பங்குக்கு ஒருவரும் வரவில்லை.

அண்ணிக்கு வயது நாற்பத்தெட்டு. குள்ளம். தடித்த கண்ணாடி. தோளில் எப்போதும் ஒரு பை, பைக்குள் மழை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு குடை. இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே அவள் அறை. யார் நிமிர்ந்தாலும் தலை இடிக்கும். அண்ணிக்கு மட்டும் இடிக்காது, அதனால்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள் என்பான் என் அண்ணன்.

வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அண்ணிதான் எடுப்பாள். "ஹலோ" என்று எதிர்முனை சொல்வதற்கு முன்பே, மூச்சு விடுகிற விதத்தை வைத்தே எந்தப் பிரிவுக்கு இணைப்பது என்று தெரிந்துவிடும் என்று பீற்றிக்கொள்வாள். நான் நம்பியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிற போனை அவள் எடுத்தால், கூப்பிட்டவர் கடன் கேட்கப் போகிறாரா கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகிறாரா என்று கையால் சைகை காட்டிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது.

பிறகு ஆஸ்பத்திரியில் இயந்திரக் குரல் வந்தது. பிரசவத்துக்கு ஒன்றை அழுத்தவும், எலும்பு முறிவுக்கு இரண்டை அழுத்தவும். கை உடைந்தவன் எந்தக் கையால் அழுத்துவான் என்று அண்ணி கேட்டாள். ஒருநாள் நிர்வாக அதிகாரி அவளை மேலே கூப்பிட்டார். இருபத்திரண்டு வருடமாக "இந்தாம்மா, லைன் என்னாச்சு, தூங்குறியா?" என்று போனில் எரிந்துவிழுந்த மனிதர், அன்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்று "வாங்க மேடம், உட்காருங்க" என்றார். அந்த நொடியே தெரிந்துவிட்டது என்பாள் அண்ணி. மீதியை அவர் சொல்லி முடிக்கும்வரை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரி பெயர் பொறித்த ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதை அண்ணன் குளியலறைக்கு எதிரே மாட்டினான். அவள் வேறு எங்கும் மாட்ட விடவில்லை.

அதற்கப்புறம் ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். டிவியில் யார் பேட்டி கொடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து "பொய்", "பாதி பொய்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அண்ணனுக்குச் செய்தி பார்ப்பதே வெறுத்துப்போனது. "உங்க ஆபீசுக்கு இவளைக் கூட்டிக்கிட்டுப் போடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று என்னிடம் கெஞ்சினான்.

எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. பதினாறு மேசை, பதினாறு கணினி, பதினாறு ஹெட்போன். ஒரு தொலைபேசி நிறுவனம் தன் புகார் எண்ணில் மனிதர்களுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவை கொஞ்சம் கொஞ்சமாக உட்கார வைத்து வருகிறது. பேசுகிறவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று அது கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பாடம் எடுப்பது நாங்கள். காதில் பத்து விநாடி ஒரு பேச்சு ஓடும். பாதி, புகார் எண்ணுக்கு வந்த அழைப்புகள். மீதி, சம்மதம் கொடுத்த குடும்பங்கள் பதிவு செய்து அனுப்பிய வீட்டுப் பேச்சு. கேட்டுவிட்டு ஐந்து பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்று அன்பு, இரண்டு கோபம், மூன்று வருத்தம், நான்கு பயம், ஐந்து சாதாரணம். ஒரு நாளைக்கு எண்ணூறு.

ஒவ்வொரு பேச்சையும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்போம். இரண்டு பேர் எதை அழுத்துகிறார்களோ அதுதான் சரியான விடை. அதோடு ஒத்துப்போனால் நமக்கு மதிப்பெண். தொடர்ந்து நான்கு வாரம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நிர்வகிக்க ஒரு மேற்பார்வையாளர் உண்டு. முப்பத்தைந்து வயது, வாயைத் திறந்தால் சதவீதம். காலையில் வணக்கம் சொன்னால்கூட "நேத்து எண்பத்தாறுதான், என்ன ஆச்சு?" என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் சதவீதம்தான். நாள் பூராவும் கத்துவார். "அக்கா, கீபோர்டு மேல தேங்காய் உடைக்கிறீங்களா?", "யாரு ஏசியை இருபத்தெட்டுல வெச்சது, முட்டை பொரிக்கப் போறீங்களா?" என்று ஒவ்வொருவர் மேசையாகப் போய்க் கத்துவார்.

என் மதிப்பெண் தொண்ணூற்று மூன்று. "சிறந்த காது" என்று எழுதி என் புகைப்படத்தைத் தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அந்தத் தெம்பில்தான் அண்ணியைக் கூட்டிப்போனேன். அவள் நாற்காலிக்குக் குஷன் எடுத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனை மாட்டியதும் அவள் முதுகு நிமிர்ந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அப்படி நிமிர்ந்து பார்க்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வார மதிப்பெண் வந்தது. ஐம்பத்திரண்டு.

"கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாலே இதைவிட வரும்க்கா" என்றார் சதவீதம்.

மதியம் சாப்பிடும்போது அவளுடைய தப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் அம்மா மகளிடம் போனில் கத்துகிறாள். "ரெண்டு நாளா போனை எடுக்கல. உயிரோட இருக்கியா செத்தியான்னு நான் எப்படிடி தெரிஞ்சுக்கறது, கழுதை." நாங்கள் இரண்டு பேர் கோபம் என்று அழுத்தியிருந்தோம். அண்ணி அன்பு என்று அழுத்தியிருந்தாள். இன்னொன்றில் ஒருவர் புகார் எண்ணில் பேசுகிறார். "ரொம்ப நன்றிங்க. உங்களைத் தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிச்சிடுங்க. நான் பாத்துக்கறேன்." நாங்கள் சாதாரணம். அண்ணி கோபம்.

"இதுல எங்க அண்ணி கோபம்? நன்றின்னு சொல்றாரு."

"அதான் சொல்றேன். நன்றி சொல்ற அளவுக்குப் போயிட்டான்."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு பாருங்க." எங்களுக்கு ஒன்பது பக்கத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. குரல் உயர்ந்தால் கோபம். நன்றி, பரவாயில்லை, மன்னிக்கவும் போன்ற சொற்கள் வந்தால் சாதாரணம். நான் அதைக் கரைத்துக் குடித்தவள்.

"இதை எழுதினவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

அவள் சொன்னதன் சாரம் இது. கத்துகிறவன் இன்னும் நம்மோடு இருக்கிறான். நாம் ஏதாவது செய்வோம் என்று நம்பித்தான் கத்துகிறான். கத்திவிட்டு ஒரு நொடி நிறுத்துவான், அது பதிலுக்காக. அந்த நிறுத்தம் இல்லாமல் கத்தினால்தான் நிஜக் கோபம். மரியாதை வழக்கத்துக்கு மேல் ஏறிவிட்டதென்றால் அவன் மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டான் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "எங்கய்யா டாக்டர்?" என்று உறுமுகிறவனை நிதானமாக இணைக்கலாம். "சிரமத்துக்கு மன்னிக்கணும், கொஞ்சம் சீக்கிரம் முடியுமா" என்று அடங்கிய குரலில் கேட்கிறவனைத்தான் முதலில் இணைக்க வேண்டும்.

"உங்க வீட்டுல கத்துவீங்க, அதனால அப்படித் தோணுது" என்றேன். எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. "எங்க வீட்டுல சத்தமே கிடையாது. எதைக் கேட்டாலும் அவர் 'சரிம்மா, உன் இஷ்டம்'னுதான் சொல்வாரு."

அண்ணி மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவர்கள் வீட்டைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை. அண்ணன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான், இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அண்ணியும் சளைத்தவள் இல்லை. அவன் ஒருதடவை மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டபோது மூன்று நாள் வைதாள். கால் அமுக்கிக்கொண்டே வைதாள். அவன் சுகமாகப் படுத்துக்கிடந்தான். ஆனால் அவள் அம்மாவை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவர மறந்தான் பாருங்கள், அன்று அவள், "பரவாயில்லைங்க, உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் இரண்டு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கினான்.

இரண்டாவது வாரம் நாற்பத்தொன்பது. ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டுகிற பேச்சை அவள் அன்பு என்று அழுத்தியிருந்ததைச் சதவீதம் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு குரைப்பு கேட்டது.

"நாய்கிட்ட பேசறான். அன்பு இல்லாம வேற என்ன?" என்றாள் அண்ணி. சிரிக்கக்கூடாது என்று நினைத்தும் எல்லோரும் சிரித்துவிட்டோம். சதவீதம் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் நான் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். "புஸ்தகத்துல இருக்கறபடி அமுக்கிட்டுப் போங்க அண்ணி. உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது நான். என் மானம் போகுது." எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். அன்று முழுக்க வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுத்தினாள். தொண்ணூற்றாறு. என்னைவிட அதிகம். சதவீதம் வந்து அவள் மேசையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். குரல் கிசுகிசுத்தது. அவன் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை. "அங்க என்னடி பண்ணீங்க அவளை? வந்ததும் 'உட்காருங்க, சாப்பிடுங்க'ங்கறா. எனக்குக் கை கால் ஓடல. நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

"நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

"நானும் காலையிலருந்து நடந்ததை ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் பண்ணல."

அவன் ஒன்றும் செய்யவில்லைதான். நாள் பூராவும் பொய் சொல்லிவிட்டு வந்த களைப்பு அவளுக்கு. மறுநாள் பதினோரு மணிவாக்கில் அண்ணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையும் கேட்கச் சொன்னாள். ஒரு பெண் குரல். புகார் எண்ணில் வந்த அழைப்பு. "இல்லைங்க, பரவாயில்லை. இது அஞ்சாவது தடவை, உங்களுக்கும் சிரமம்தானே. இனிமே கூப்பிட மாட்டேன். வெச்சிடறேங்க." புத்தகப்படி சாதாரணம். ஐந்து.

"எங்க, நீ அமுக்கு பாப்போம்" என்றாள்.

நான் ஐந்தை அழுத்தப் போனேன். விரல் நின்றது. அப்புறம் அழுத்தினேன். பழக்கதோஷம். மற்ற இருவரும் ஐந்துதான் அழுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். என் தொண்ணூற்று மூன்றின் ரகசியமே அதுதான். பேசுகிறவருடைய மனதை நான் கேட்டதே கிடையாது. பக்கத்து மேசைக்காரர்கள் என்ன அழுத்துவார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை அன்று ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டை அழுத்தினாள். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. அந்த வாரமும் தோல்வி, அடுத்ததும் தோல்வியை நோக்கித்தான் போனது.

நான்காவது வாரம் புதன்கிழமை சதவீதம் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், ஒரு நிமிஷம் வர முடியுங்களா?" என்றார். பதினாறு தலையும் திரும்பியது. அந்த ஆபீசில் யாரையும் அவர் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அண்ணி உள்ளே போனாள். அரை நிமிடத்தில் சதவீதம் வெளியே வந்து, தானே டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடிக்கப் போனார். அந்த இடைவெளியில் அண்ணி கதவருகே வந்து என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முடிஞ்சுது."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டான்."

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் பேருந்தில், இறங்குகிற நிறுத்தம் வரும்போது அண்ணி என் பக்கம் திரும்பினாள். "ஒரு மிஷின் வந்து என்னை அனுப்புச்சு. சரி, அது பெரிய மிஷின்னு விட்டுட்டேன். இப்ப அந்த மிஷினுக்குச் சொல்லிக்குடுக்கவும் நான் லாயக்கில்லையாடி? இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டதெல்லாம் என்ன அப்போ?" இன்னொரு கடிகாரம் மாட்ட அந்த வீட்டில் இடம் இல்லை. நான் வெட்கப்பட்டேன். அவளுக்காக இல்லை, என் தொண்ணூற்று மூன்றுக்காக.

இப்போது சதவீதம் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அண்ணியின் விடைகள் மற்றவர்களுடையதைக் கெடுக்கக்கூடாது என்று நான்கு வாரமாக அவற்றைத் தனியே பிரித்து 'வேஸ்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பில் போட்டு வந்திருக்கிறார். எங்களுடையது 'ஓகே' என்ற கோப்பில். ஏன் அண்ணியை அனுப்புகிறோம் என்று முதலாளியம்மாவுக்கு விளக்க, முந்தின வெள்ளிக்கிழமை அந்த வேஸ்ட் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். விளக்கிய கையோடு தொலைபேசி நிறுவனத்துக்கு வாராந்தரப் பாடத்தை அனுப்பினார். திறந்து கிடந்ததை அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போகிற அவசரம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி குஷனைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாடாவை இரண்டு தடவை அவிழ்த்து இரண்டு தடவை கட்டினாள். அப்போது முதலாளியம்மா மாடியேறி வந்தார். மாதத்துக்கு ஒருதடவைதான் வருவார், வந்தாலும் கண்ணாடி அறையோடு சரி. அன்று நடுக்கூடத்தில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"போன வாரம் அனுப்பினோமே, அதை யாரெல்லாம் கேட்டது?"

"எல்லாரும்தான் மேடம். குழுவா உழைச்சோம்" என்றார் சதவீதம். அவருக்கு விஷயம் தெரியாது.

முதலாளியம்மா காகிதத்தைப் படித்தார். தொலைபேசி நிறுவனம் அந்த வாரப் பாடத்தை மட்டும் ஊட்டி இயந்திரத்தை இரண்டு நாள் நிஜமான அழைப்புகளில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறது. இதற்கு முன்னால் எங்கள் பாடம் படித்த இயந்திரம், கத்துகிறவர்களையெல்லாம் பயந்துபோய்ப் பெரிய அதிகாரிகளிடம் தள்ளிவிடும். நன்றி சொல்கிறவர்களுக்கு "இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லி வைத்துவிடும். அந்த நன்றிக்காரர்கள் மறுநாளே வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது இயந்திரம் கத்துகிறவரிடம் "சரி, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறது. அவர் கத்தி முடித்து, இவர்களுடனேயே இருந்துவிடுகிறார். "பரவாயில்லைங்க" என்கிறவரிடம் "உங்களுக்குக் கோபம்னு தெரியுது, வெச்சிடாதீங்க" என்கிறது. ஓர் அம்மாள் அதைக் கேட்டுவிட்டு இருபது நிமிடம் இயந்திரத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அப்புறம் அதனிடம் "சாப்ட்டியா?" என்று கேட்டாராம்.

"இதே மாதிரி இன்னும் வேணுமாம்" என்று முதலாளியம்மா காகிதத்தை மடித்தார். "ஆனா ஒண்ணு கேக்கறாங்க. கோப்போட பேரு எதுக்கு வேஸ்ட்னு இருக்கு?"

சதவீதத்தின் முகத்தில் ரத்தம் நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பதினைந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக அண்ணியின் பக்கம் திரும்பினோம். அவள் குஷனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களாம்மா? எப்படி?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. கேட்டேன், அவ்வளவுதான்."

முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எங்கயும் போகக்கூடாது. திங்கட்கிழமை அவசியம் வாங்க. நீங்க எங்களுக்கு ரொம்ப ரொம்ப முக்கியமானவங்க." நாங்கள் கைதட்டினோம். நான்தான் உரக்கத் தட்டினேன். ஆனால் அண்ணியின் முகம் வெளிறிப்போயிருந்தது. குஷனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வேலை இருக்கா இல்லையா?" என்று அண்ணன் வாசலிலேயே கேட்டானாம்.

"இருக்குங்கறாங்க. ஆனா ரொம்ப மரியாதையாப் பேசறாங்க" என்றாளாம் அண்ணி.

"ஐயையோ" என்றானாம் அண்ணன்.

திங்கட்கிழமையிலிருந்து சட்டம் மாறியது. அண்ணி அழுத்துவதே சரியான விடை. அதோடு ஒத்துப்போனால்தான் மற்றவர்களுக்கு மதிப்பெண். அந்த வாரம் எனக்கு நாற்பத்து நான்கு. தண்ணீர்க் கேனுக்கு மேலே இருந்த என் புகைப்படத்தைக் காணோம், ஒட்டிய பசை மட்டும் சதுரமாக இருந்தது. ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றார். வழக்கமான பதில். ஆனால் நாள் பூராவும் ஹெட்போனில் அண்ணியின் விடைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த காது அது. என் விரல் தானாக இரண்டைத் தேடியது. எத்தனை நாளாக இந்த இஷ்டம் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்தேன். அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த பழைய ரேடியோவை, இடத்தை அடைக்கிறதென்று நான் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

"அந்த ரேடியோவா?" என்றேன்.

அவர் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. "ஒண்ணுமில்லம்மா, பரவாயில்லை" என்று ஆரம்பித்தார். பிறகு முடியவில்லை. நாற்பது நிமிடம் கத்தினார். அதில் ஒரே ஒரு வால்வுதான் பாக்கி என்றார், உனக்கு மண்டையில் மூளையா களிமண்ணா என்றார். நடுநடுவே நிறுத்தி நான் பதில் சொல்கிறேனா என்று பார்த்தார். நான் அழுதேன், ஆனால் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மடிக்காத துணியெல்லாம் அப்படியே கிடந்தது.

இதை மறுநாள் அண்ணியிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் முழு மனதோடு இல்லை. அவள் பிரச்சினை வேறு. சதவீதம் இன்னும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "மேடம், டீ சொல்லட்டுங்களா?", "மேடம், உங்களுக்கு வெளிச்சம் போதுமா?" எல்லாம் தள்ளி நின்றுதான், அவள் நிழல் விழும் திசையில்கூட வரமாட்டார். மற்ற எல்லோரையும் வழக்கம்போல் வறுத்தெடுத்தார், அண்ணியிடம் மட்டும் குரல் பஞ்சாக இறங்கிவிடும்.

"குஷனை ஏன் கொண்டு வரலை?" என்று நான் தினமும் கேட்டேன். மரநாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே எண்ணூறு பேச்சு கேட்டாள்.

"எதுக்கு? திரும்பத் தூக்கிக்கிட்டுப் போகவா? அந்தத் தம்பி இன்னும் என்னை உள்ள சேத்துக்கல. இன்னிக்கோ நாளைக்கோ வேற ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிடுவான். எனக்குக் காது கேக்குது."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முதலாளியம்மா சொன்னதைச் சொன்னேன். இயந்திரத்துக்கே இவள்தான் வாத்தியார் என்று சொன்னேன். அவள் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குக் கணக்கிலேயே சேராது.

ஒன்பது வேலைநாள் இப்படிப் போனது. பத்தாவது நாள் காலையில் நல்ல மழை. அண்ணி நனைந்த குடையை வழக்கம்போல் மேசைக்குக் கீழே செருகிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சதவீதம் அந்தப் பக்கம் போனவர் நின்றார். குனிந்து பார்த்தார். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் மின்சார வயர்ப்பலகையைத் தொட ஒரு விரல்கடை இருந்தது.

"அக்கா" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே டயர் கடையில் சுத்தியல் நின்றது. "எந்திரிங்க முதல்ல. கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? கரண்டுக்குப் பக்கத்துல ஈரக் குடையை வெப்பாங்களா யாராவது? நீங்கபாட்டுக்குக் கருகிப் போயிடுவீங்க, உங்க வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது, நானா?" என்று குடையை உருவி எடுத்தார். எடுத்துவிட்டு, மூச்சு வாங்க, ஒரு நொடி நிறுத்தினார்.

அண்ணி ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். முழுவதையும் கேட்டாள், அந்த நிறுத்தத்தையும் சேர்த்து.

"தெரியாம வெச்சுட்டேன் தம்பி" என்றாள்.

"தெரியாமயாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் குடையை விரித்து ஜன்னலோரம் காயவைக்கப் போனார். அண்ணி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போனாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக ஒரு காதை மட்டும் விலக்கி என் பக்கம் சாய்ந்தாள்.

"நாளைக்குக் குஷனைக் கொண்டு வரணும்" என்றாள். "கிளம்பும்போது ஒரு போன் பண்ணி ஞாபகப்படுத்துடி."